கல்லுடைத்த தெருவுக்கு ஏதிலிக் குடும்பம் குடிவரும்போது செய்ய வேண்டியவை

சாவி கைமாறும் முன்பே தெருவைக் கூட்டிப் பேசிவிடுங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தண்ணீர் லாரி வரும் முதல் நாளே சண்டை வரும். எங்கள் தெருவில் அப்படித்தான் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு முதல் இலங்கைத் தமிழ்க் குடும்பம் இங்கே குடிவந்தபோது யாரும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெண் ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். "இது யாருடையது?" என்று கேட்டபடியே ஒருவர் அதைக் காலால் தள்ளினார். டிரம் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் மதியம்வரை அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். கல்குவாரி, மில், தோல் பட்டறை என்று ஏதோ ஒரு வேலையை நம்பி உண்டாகி, அந்த வேலை போன பிறகும் மனிதர்கள் தங்கிவிட்ட தெருக்கள் சென்னையைச் சுற்றி எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் வாடகை குறைவு. இடம் தேடி அலைகிறவர்கள் கடைசியில் அங்கேதான் வருவார்கள். உங்கள் தெருவுக்கும் வருவார்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், லைன் வீடு என்போம், அங்கே வளர்ந்தேன். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கங்கள் அவை. 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்க் கல்லை வெட்டினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் நின்றது. அங்கேயே தங்கியவர்கள் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். நாங்கள் சென்னைக்கு வந்தோம். பம்மல் பக்கத்தில் ஒரு குவாரியின் கல் உடைக்கும் கிரஷரில் என் கணவருக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் அந்தக் குவாரியும் நின்றுபோனது. இப்போது குவாரி இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ஜல்லி உடைத்தவர்கள் காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். வயதானவர்கள் இருமிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2001-இல் நாங்கள் வந்து இறங்கியபோது எங்களை 'கன்னடக்காரர்கள்' என்றார்கள். மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசிய குடும்பம் எங்களுடையது. எதிர்வீட்டு அம்மா ஒருவர் மட்டும் மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, "எரிவாயு இணைப்பு வரும்வரை வைத்துக்கொள்" என்றார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "குழந்தைக்குப் பால் வேண்டுமா?" இந்தக் கட்டுரையில் நான் சொல்வதில் பாதி அவரிடம் கற்றது.

முதலில் தெருவோடு பேசுவது

கூட்டத்தை யார் வீட்டிலும் வைக்காதீர்கள். கோயிலிலும் கட்சிக் கொடிக்கம்பத்தடியிலும் வேண்டாம். எங்களுக்குப் பழைய எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தணிந்ததும் பாய் விரித்து உட்காருவோம். "ஒரு குடும்பம் வருகிறது, ஒத்துழைப்புக் கொடுங்கள்" என்று ஆரம்பித்தால் எல்லாருக்கும் எரிச்சல்தான் வரும். நான் வேறு ஒன்றைக் கேட்டுத் தொடங்கினேன்: "உங்கள் வீட்டில் இந்தத் தெருவுக்கு முதலில் வந்தவர் யார்? கையில் என்ன கொண்டுவந்தார்?"

கல்லுடைத்த பெரியவர் ஒருவர், சேலம் பக்கத்திலிருந்து ஒரு சம்மட்டியும் இரண்டு உளியும் கொண்டுவந்ததாகச் சொன்னார். பெயிண்டர் தம்பியின் தாத்தா 1942-இல் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். கையில் ஒரு மகளும் ஒரு தகரப் பெட்டியும். அந்தத் தம்பியின் மனைவி வீட்டார் 1960-களில் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் வந்தவர்கள். வியாசர்பாடியில் அவர்கள் உறவினர் இன்றும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கிறார். நான் எங்கள் லைன் வீட்டு எண் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கூட்டத்தில் காட்டினேன். இது முடிவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் வரப்போகும் குடும்பத்தைப் பற்றிப் பேசினோம்.

குறைகள் வரும். வரட்டும். அடக்காதீர்கள். "நமக்கே வேலை இல்லை", "நம் பிள்ளைகளுக்கே ஒன்றும் இல்லை", "அவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் தருகிறது" என்பார்கள். கடைசிச் சொல்லுக்குச் சரியான விவரம் சொல்லுங்கள். மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்குத்தான் மாத உதவி. 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாடகைக்கு இருப்பவர்களை 'வெளிப்பதிவு' என்பார்கள். அவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. நம் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

மற்ற குறைகளுக்கு விவரம் பதிலாகாது. டிரம்மைத் தள்ளியவர் அந்தக் கல்லுடைத்த பெரியவர்தான் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். வெடி வைக்கும்போது இரண்டு விரல்களை இழந்தவர். இழப்பீடு என்று ஒரு பைசா வரவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு இரண்டு முறை எழுதிப்போட்டும் பதில் இல்லை. "வந்தவர்களுக்காக நீ ஓடுகிறாயே அம்மா, எனக்காக யார் ஓடினார்கள்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. 20 வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், அவருக்காக நான் ஓடவில்லை என்பது உண்மை.

அன்றே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு மனு போனால், பழையவர்களில் ஒருவருடைய மனுவும் அதே நாளில், அதே கையோடு போக வேண்டும். பல்லாவரம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்த இலங்கைப் பெண்ணோடு போன முதல் நாளே பெரியவரின் மனுவையும் எடுத்துக்கொண்டு போனோம். படிவத்தை நிரப்பியது அந்தப் பெண்தான். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போது பெரியவருக்கு மாதம் 1,200 ரூபாய் வருகிறது. நான் சொல்வதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் இங்கிலாந்தில், வடகிழக்கே டர்ஹாம் பக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள். அதுவும் நிலக்கரிச் சுரங்கச் சீமைதான். 1984 மார்ச்சிலிருந்து ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றவர்கள். 1993-இல் ஈசிங்டன் சுரங்கத்தை மூடினார்கள். வீடுகள் மலிந்துபோயின. 2015-இல் அந்த நாட்டு அரசு, ஐந்து ஆண்டுகளில் 20,000 சிரியா அகதிகளை ஏற்பதாக அறிவித்தது. அவர்களில் சிலர் அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் வந்தார்கள். அங்கே தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: வந்த குழந்தைக்குச் சைக்கிள் வந்து இறங்கியபோது, சொந்தமாகச் சைக்கிளே இல்லாத ஊர்க் குழந்தை ஒன்று வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாம். நான் தொலைபேசியில் அழுதுவிட்டேன். யாராவது தர்மகாரியக்காரர்கள் உங்கள் தெருவுக்குப் பொருள் கொண்டுவந்தால், ஒரு வீட்டுக்கு மட்டும் இறக்கவிடாதீர்கள். எல்லாருக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாது என்றால் திருப்பி அனுப்புங்கள்.

வீடும் காகிதங்களும்

வீட்டுக்காரர் பயப்படுவார். காவல் நிலையத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று யாராவது சொல்லிவைத்திருப்பார்கள். அவரையும் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு, தெருவிலிருந்து ஒருவர் துணைக்குப் போய், நீங்களாகவே காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்கவைப்பவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறைத்து வைத்தால் பாதிப்பு அந்தக் குடும்பத்துக்குத்தான். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் ஒவ்வொரு சீட்டும் உயிர் மாதிரி. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து அடைக்கலம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்கிறது அது. குடியுரிமை வேறு விஷயம். இங்கேயே பிறந்த பிள்ளைகளாக இருந்தாலும், 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால், பிறந்த காரணத்தால் மட்டும் குடியுரிமை வராது. தெருவில் இதை யாரும் நம்புவதில்லை. "இங்கே பிறந்த பிள்ளை எப்படி வெளிநாட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்விக்கு மனம் ஆறும்படியான பதில் கிடைக்கவில்லை.

அவர்களுடைய அசல் காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்திலும் வேண்டாம். இரண்டு நகல் எடுத்து, மழை படாத உறையில் போட்டுக் கொடுங்கள். டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். உறையை வைக்க உயரமான இடத்தையும் காட்டிவிடுங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்கிக் கொடுங்கள். இங்கே ஒரு வீட்டுக்காரர், மற்றவர்களிடம் மூன்று மாத முன்பணம் வாங்கிவிட்டு, இவர்களிடம் பத்து மாதம் கேட்டார். ஐந்து பேர் போய் அவர் வாசலில் உட்கார்ந்த பிறகு மூன்றுக்கு இறங்கினார்.

வழக்கு, வம்பு என்று வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. இலங்கைத் தமிழர்களுக்கென்றே 1984-இலிருந்து வேலை செய்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் சென்னையில் இருக்கிறது. பதிவு, படிப்பு பற்றிய குழப்பங்களுக்கு அவர்களைக் கேட்கலாம்.

வீட்டுச் சாமான்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை விட்டால் வேறு இடம் இல்லை. கட்டில், மின்விசிறி, பாத்திரம் எல்லாம் பழையதாக, மலிவாகக் கிடைக்கும். காலையிலேயே போங்கள். எதை வாங்குவது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். நான் முதல் முறை பெருமையாக ஒரு மிக்சியை வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். அந்தப் பெண்ணின் மாமியார் தேடிக்கொண்டிருந்தது தேங்காய்த் துருவலையும் புட்டுக்குழலும்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவரையே கூட்டிப்போனேன். ஒரு பழைய துருவலையைக் கையில் எடுத்து, பல்லை விரலால் தடவிப் பார்த்து, மூன்று கடை தாண்டி இன்னொன்றை எடுத்தார். அன்றுதான் அவர் சிரித்து முதலில் பார்த்தேன்.

சொற்களில் கவனம்

'அகதி வீடு' என்று அடையாளம் சொல்லாதீர்கள். 2021 ஆகஸ்டில் அரசே முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. தெருவுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது: மற்ற வீடுகளைச் சொல்வதுபோலப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இன்னார் வீடு' என்று சொல்லிவிடலாம்.

அவர்களும் தமிழ், நாமும் தமிழ், என்ன சிக்கல் என்று நினைத்தேன். ஒருநாள் மாலை அந்தப் பெண்ணிடம், "இரவு வா, உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும்" என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது. இரவு மாமியாரையும் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர்கள் ஊரில் 'பேசுவது' என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் 'கதைப்பது' என்பார்கள். அரிசி அட்டை விஷயம் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று தெரிந்ததும் மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 'ஓம்' என்றால் ஆம். 'வடிவு' என்றால் அழகு. 'குசினி' சமையலறை. 'தேத்தண்ணீர்' நம் டீ. 'அன்ரி' என்று கூப்பிட்டால் அது மரியாதைதான். எங்கள் தெருச் சிறுவர்கள் இந்தச் சொற்களைச் சொல்லிக் கேலி செய்யத் தொடங்கினார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, என்னைக் 'கன்னடக்காரி' என்று கூப்பிட்டதைச் சொன்னேன். பிறகு ஒரு பட்டியல் எழுதச் சொன்னேன்: ஒரு பக்கம் நம் சொல், எதிரே அவர்கள் சொல். அந்த வீட்டுப் பெண்குழந்தைதான் ஆசிரியை. பட்டியல் நான்கு பக்கம் போனது.

கதவைத் தட்டும் முன்பு வெளியிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முகாமில் கணக்கெடுப்பு நாள்களில் ஆள் இருக்கிறார்களா என்று வந்து பார்த்தே பழகியவர்கள். கதவு தட்டும் ஓசை அவர்களுக்கு விருந்தாளியின் ஓசையாக இருப்பதில்லை.

'அங்கே என்ன நடந்தது?' என்று கேட்கவே வேண்டாம். அவர்களாகச் சொன்னால், கைவேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நடுவில் நம் துக்கத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். சேலை கொடுத்துப் படம் எடுக்க வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள்.

விமானச் சத்தமும் வெடிச் சத்தமும்

இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் தெருவுக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் போகும். மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், அடிவயிற்று விளக்கைக்கூடப் பார்க்கலாம். எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. அந்தக் குடும்பம் வந்த முதல் இரவு, பதினொரு மணி இருக்கும், பேரன் அலறும் சத்தம் கேட்டு ஓடினோம். மாமியார் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தார். பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். அவர்களுக்கு எந்தப் போரும் தெரியாது. பாட்டி இழுத்த இழுப்பில்தான் பயந்துபோய்க் கத்தினார்கள். "கிபிர், கிபிர்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வன்னியில் குண்டு போட்ட விமானங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. 2006-இல் படகேறி வந்தவர். இத்தனை வருடங்கள் இருந்த முகாமில் தலைக்கு மேல் விமானம் போனதில்லை.

நான் அவரோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த விமானம் வந்தது. அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அது போனது. "அது துபாய்க்குப் போகிறது" என்றேன். உண்மையில் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று வந்தது. "இது மதுரைக்கு" என்றேன். விடியும்வரை அப்படி உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த நாள் பகலில் பேரனையும் அவரையும் மேட்டுக்கு அழைத்துப்போனோம். அங்கிருந்து விமானம் இறங்குவது தெரியும். சக்கரம் விரிவதை, மெதுவாகத் தரையைத் தொடுவதை அவர் கண்ணால் பார்த்தார். மூன்று நாள்கள் தொடர்ந்து போனோம். பிறகு பயம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கட்டிலுக்கு அடியில் போவது நின்றது.

எனவே வருகிறவர்கள் பொருள் இறக்கும்போதே சொல்லிவிடுங்கள்: மேலே விமானம் போகும், இந்த நேரங்களில் அதிகம், சத்தம் இப்படி இருக்கும். ரயில் தண்டவாளம் அருகே இருந்தால் அதையும் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே போய், வெடி எந்த நாளில் தொடங்கும் என்று சொல்லுங்கள். குவாரி நடந்த காலத்தில் வெடி வைக்கும் முன் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று, மூன்று முறை கத்திச் சொல்வார். அதன் பிறகுதான் திரிக்கு நெருப்பு. பெரியவர்தான் அந்த வேலை செய்தவர். இப்போது தீபாவளியன்று காலையில் அந்த வீட்டு வாசலில் நின்று அதே குரலில் "வெடி! வெடி! வெடி!" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சிறுவர்கள் அதற்குப் பிறகுதான் பற்றவைக்கிறார்கள்.

குட்டை பற்றியும் முதல் நாளே சொல்ல வேண்டும். கல்குட்டையைப் பார்த்தால் ஏரி மாதிரிதான் தெரியும். ஏரிக்குச் சரிவான கரை உண்டு. குட்டை ஓரத்தில் ஓரடி தாண்டினால் ஐம்பது, அறுபது அடி. நன்றாக நீந்தத் தெரிந்த கடற்கரைப் பிள்ளைகள்தான் துணிந்து இறங்குவார்கள். கூட்டிப்போய்க் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிக் காட்டுங்கள். கயிறு போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பள்ளிக்கூடம்

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது; மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றும் மறுக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒரு பள்ளியில் எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை சட்டப் பிரிவை எழுதி எடுத்துக்கொண்டு, பெரியவரின் பேத்தியையும் கூட்டிப்போனோம். அவள் அங்கேதான் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். "இவள் என் வீட்டுக்கு எதிர்வீடு, என்னோடுதான் வருவாள்" என்று அந்தச் சிறுமி சொன்னாள். அன்று சேர்த்துக்கொண்டார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி உண்டு என்பதைத் தாயிடம் சொல்லுங்கள். தெரியாமல் மூன்று வாரம் அவள் விடியலில் எழுந்து இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள்.

வேலை

இலங்கைத் தமிழ் ஆண்கள் பலர் பெயிண்டிங் வேலை செய்பவர்கள். எங்கள் தெருவிலும் இரண்டு பெயிண்டர்கள் இருக்கிறார்கள். ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, உள்ளூர்க்காரருக்கு 900 ரூபாய் என்றால் அந்தப் பெண்ணின் கணவருக்கு 600 என்று பேசினார். இவரும் தலையசைத்துவிட்டார், வாடகைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்று இரவு தெருவே கொதித்தது. அந்தக் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். 600 ரூபாய்க்கு ஒருவர் போனால் நாளை எல்லாருக்கும் 600 ஆகும். குவாரியில் ஊர் ஊராக ஆள் கொண்டுவந்து கூலியை உடைத்ததைப் பார்த்தவர்கள் இவர்கள்.

பெயிண்டர் தம்பிதான் வழி கண்டுபிடித்தார். மூவரும் சேர்ந்து ஒரே ஆளாகப் பேசி வேலை எடுப்பது, கூலியைச் சமமாகப் பிரிப்பது. முதல் மாத வாடகைக்குத் தெருவில் கைமாற்றுக் கொடுத்தோம்; நோட்டில் எழுதி, நான்கு மாதத்தில் திரும்ப வாங்கிக்கொண்டோம். திரும்ப வாங்குவது முக்கியம். வேண்டாம் என்று விட்டால் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அதேபோல, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் புட்டும் சொதியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. "உங்களுக்கே கஷ்டம், எதற்கு இதெல்லாம்" என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை, சொல்லவில்லை. சாப்பிட்டோம். பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் தராமல் கொஞ்சம் வெல்லம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பாத்திரங்கள் போவதும் வருவதும் நிற்கவில்லை. பெரியவரின் இருமலுக்காகத் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை அவரைக் கூட்டிப்போவது இப்போது அந்த வீட்டுப் பையன்தான்.

தண்ணீர்

டிரம்களுக்கு எண் போடுங்கள். சாக்பீஸ் அழியும்; பெயிண்டில் எழுதுங்கள். வீட்டு எண்ணே டிரம் எண். வரிசையை வாராவாரம் மாற்றுங்கள், போன வாரம் முதலில் இருந்தவர் இந்த வாரம் கடைசி. கோடையில் லாரி தவறும் நாள்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை குடம் என்று கூட்டத்தில் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குட்டைகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் கொடுத்தார்கள். எங்கள் பெரியவர் அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, "நாம் உடைத்த பள்ளம் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறது" என்று எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொன்னார்.

அடுத்த மாதம் கடைசி வீட்டு மாடிக்கு இன்னொரு குடும்பம் வருகிறது. கணவன், மனைவி, கைக்குழந்தை. டிரம் வாங்கியாகிவிட்டது, பெரியவரே எண் எழுதியிருக்கிறார், 44. வரும் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் கூடுகிறோம். இந்த முறை முதல் கேள்வியைக் கேட்கப்போவது அந்த மாமியார்.